பிரேக் அக்கா பீர் குடித்த ஞாயிறு

சட்டென்று வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார் அக்கா. இரண்டு கைகளிலும் கண்ணாடிக் குவளைகளை அள்ளிக்கொண்டு உணவகத்தின் சமையலறைக் கதவிலிருந்து வேகமாகத் திரும்பிய பெண் யார் மீதும் மோதவில்லை. மோதுகிற மாதிரியும் இல்லை. "பாத்தீங்களா தம்பி, திரும்புற எடத்துல கண்ணாடிய பாக்கவே இல்ல" என்றார் என்னிடம். பரிமாறுகிற பெண்ணுக்குப் பக்கக் கண்ணாடி எங்கே மாட்டியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் முக்கால் மணி நேரம் பாடம் நடக்கும். எனக்கோ கொலைப் பசி.

கார் ஓட்டக் கற்றுத் தருவது அக்காவின் தொழில். இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். பயிற்சி வண்டியில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் மரத்தைப் பார்த்து நேராகப் போனால் அக்காவின் கால் இறங்கும், வண்டி நிற்கும். அந்தக் கால் இப்போது எங்கே போனாலும் சும்மா இருப்பதில்லை. லிஃப்ட் இறங்கும்போது மிதிக்கும். யாராவது மூச்சுவிடாமல் பேசினால் மிதிக்கும். வீட்டில் அவர் கணவர் உப்பு டப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் மேசைக்கு அடியில் டொப்பென்று சத்தம் வரும், மனிதர் கை அந்தரத்தில் நின்றுவிடும். எங்கள் குடியிருப்பின் ஆறு மாடிகளிலும் அவருக்குப் பிரேக் அக்கா என்றுதான் பெயர். "கூப்பிட்டுட்டுப் போகட்டும். ஆக்ஸிலரேட்டர் அக்கான்னு பேர் வாங்கலையே, அதுவரைக்கும் நிம்மதி" என்பார்.

நானும் அவரிடம் படித்தவன்தான். மூன்று தடவை தேர்வுக்குப் போய் மூன்று தடவையும் தோற்றேன். மூன்றாவது தடவை தேர்வு அதிகாரி வண்டியை விட்டு இறங்கி நடந்தே அலுவலகத்துக்குத் திரும்பினார். அக்கா திட்டவில்லை. என் தோளில் கை வைத்து, "தம்பி, சிலருக்கு நடந்து போறதுதான் அழகு" என்றார். அவர் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் தேற்றியிருக்கிறார். தேறாமல் போனவர்கள் இரண்டே பேர் என்று அவரே சொல்வார். ஒருவன் நான். இன்னொருவர் அவர் கணவர்.

அந்தக் கணவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு வினையெல்லாம் அவரிடமிருந்துதான் புறப்பட்டது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஒல்லி, உயரம், குரலே வராத பேச்சு. ஊசியை எடுத்ததும், "லேசா சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும். கைக்குழந்தைகள்கூட அவரிடம் அழுவதில்லை. அதனால் அவர் சுருக்கு மாமா. கல்யாணமான புதிதில் அக்கா அவருக்குக் கார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பதினோரு நாள் நடந்தது. நரம்பே தெரியாத கையில் நரம்பு கண்டுபிடிக்கிற அந்தக் கை, ஸ்டியரிங்கில் வைத்தால் வெடவெடவென்று ஆடியதாம். பதினோராம் நாள் பின்னால் எடுத்தபோது ஒரு தபால் பெட்டியை மல்லாத்திவிட்டார். நான்கு நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள், குடும்பமா லைசென்ஸா என்று உட்கார்ந்து பேசி, குடும்பம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து வீட்டு வண்டிக்கு ஒரே ஓட்டுநர் அக்காதான்.

இதற்கு அக்கா கொடுத்துவந்த விலை சிறியதல்ல. அவருக்குப் பீர் என்றால் உயிர். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருவரும் ஒரு பாட்டிலைப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். அவருக்கு முக்கால் குவளை, மாமாவுக்குக் கால் குவளை, அதுவே மாமாவுக்கு அதிகம். ஆனால் வெளியே போனால் அக்காவுக்குத் தண்ணீர் மட்டும்தான். "சாவி கையில இருந்தா வாயில ஒரு சொட்டு படக்கூடாது" என்பது அவருடைய சட்டம். இருபத்திரண்டு வருடமாக எந்த விருந்திலும் எந்தக் கடையிலும் ஒரு மடக்குக் குடித்ததில்லை. பக்கத்து மேசைக் குவளையில் நுரை ஏறுவதை அவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஐயோ பாவம், பார்க்கிற நமக்கே தொண்டை வறளும்.

இப்படிப்பட்டவரைத்தான் அந்த ஞாயிறு, சொந்தமாகப் பீர் காய்ச்சுகிற புது உணவகத்துக்கு மாமா அழைத்து வந்திருந்தார். திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. முன்பு டயர்க் கிடங்காக இருந்த இடம். கூரை எங்கோ மேலே இருந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயர எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. கரும்பலகையில் அன்றைய பீர்களின் பெயர்கள். காலைச் சாப்பாடும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் பதினொரு மணிக்கு ஒரு இரண்டுங்கெட்டான் சாப்பாடு போடுகிறார்கள். அதற்கு பிரஞ்ச் என்று பெயர் வைத்துவிட்டால் வாசலில் வரிசை நிற்கிறது. நாங்களும் நின்றோம்.

கணவன் மனைவி ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் மாமாவிடம் அதையேதான் கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன்னால் லிஃப்டில் வைத்து அவர் என் காதில் ஒரு ரகசியம் போட்டார். மனைவிக்குத் தெரியாமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அதுவும் ஏழாம் தெருப் பாட்டுக்காரரிடம். அக்காவின் போட்டிக்காரர் அவர், வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறவர். அவர் பேச்சை எடுத்தாலே அக்காவுக்கு முகம் சிவக்கும். போன வியாழக்கிழமை மாமா முதல் தடவையிலேயே தேறிவிட்டார். "ஞாயித்துக்கிழமை சொல்லப்போறேன். அவளை நான் வண்டி ஓட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். அவ ஒத்துக்கலன்னா அந்த லைசென்ஸ வெச்சு நான் என்ன பண்றது? நீங்க கூட இருங்க, தனியா சொல்ல எனக்கு தைரியம் இல்ல" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்தப் பக்கம் என் டீச்சர், அந்தப் பக்கம் மாமா. சாப்பாடு அவர் செலவு என்றதும் நான் போனேன். மனச்சாட்சியை விற்ற விலை ஒரு முட்டைப் பொரியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு வந்தது. அக்காவுக்குக் காளான் வதக்கலும் வறுத்த ரொட்டியும் முட்டையும். மாமாவுக்கு உருளைக்கிழங்கு, தக்காளி, வெண்ணெய் உருகுகிற அப்பம் போன்ற ஒன்று. இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எப்போதும் இரண்டு வெவ்வேறு தட்டுதான் சொல்வார்கள். பாதி சாப்பிட்டதும் ஒரு வார்த்தை பேசாமல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், தட்டுகளை மாற்றிக்கொள்வார்கள். இதில் அளவு பிசகவே பிசகாது. அக்கா அதற்கு 'டிரைவர் மாத்துறது' என்பார்.

அன்றைக்குத் தட்டு மாறுவதற்கு முன்னால் அந்தப் பரிமாறும் பெண் வந்தாள். கையில் மஞ்சள் காகிதப் பட்டை ஒன்று. "வெளிய வண்டி நிறுத்தியிருக்கீங்களா? யார் ஓட்டுறதுன்னு சொன்னா கையில இதைக் கட்டிடுவேன். அவங்களுக்கு பீர் கிடையாது, ஆனா இஞ்சி சோடா எவ்வளவு வேணும்னாலும் இலவசம். எங்க கடை வழக்கம்" என்றாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அக்கா யோசிக்காமல் கையை நீட்டினார். அதே நொடி மாமாவும் நீட்டினார்.

ஒரு மஞ்சள் பட்டை, மேசைக்கு மேல் இரண்டு கை. நான் ரொட்டியை மென்றபடி தொட்டிகளைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்க?" என்றார் அக்கா. "இஞ்சி சோடா வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கலாம்."

மாமா சட்டைப் பையில் கைவிட்டார். "லேசா சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி லைசென்ஸை எடுத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மனிதருக்கு அந்த நேரத்தில் வேறு வாக்கியமே வரவில்லை.

அக்கா அதை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். பரிமாறும் பெண் நிலைமை புரிந்து, "நான் அப்புறம் வரேன்" என்று நழுவினாள். எனக்கும் அவளோடு போய்விட ஆசை.

"எத்தனை கிளாஸ் போனீங்க?"

"இருபத்தாறு."

"யாருகிட்ட?"

மாமா தண்ணீரைக் குடித்தார். "ஏழாம் தெரு."

டொப். மேசை அதிர்ந்தது, கரண்டிகள் குதித்தன. அதற்குப் பிறகு அக்கா கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அவர் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். "ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன்" என்றார் மெதுவாக. "என் வீட்டுக்காரர் பாட்டுப் போடுறவன்கிட்ட போய் கத்துக்கிட்டு வந்திருக்காரு. நாளைக்கு அவன் தெரு முழுக்க சொல்லுவான். சொல்லட்டும், அதுகூட போகுது. எங்கிட்ட ஏன் வரல நீங்க?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு தெரியுமா?" நான் காளானைப் பற்றி ஏதோ சொன்னேன். "தெரியும்" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மாமா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஏம்மா, போன வருஷம் அந்தக் கல்லடைப்பு வந்த காலையில என்ன நடந்துச்சு? வலியில நீ ஸ்டியரிங்க கடிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டு ஓட்டுற. ஆம்புலன்ஸ கூப்பிடலாம்னா வேணாங்குற. அது வர்றதுக்குள்ள நான் போயிட்டு திரும்பியே வந்துடுவேங்குற. ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டிய நிறுத்திட்டு கத்துற, பச்சை விழுந்ததும் கண்ணத் தொடச்சிக்கிட்டு எடுக்குற. நான் பக்கத்துல மரம் மாதிரி உக்காந்திருக்கேன். ஆஸ்பத்திரில வேலை பாக்குறவன், ஒருத்தியக் கொண்டுபோய் சேக்கத் தெரியல. அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"நல்லாதான் ஓட்டினேன்" என்றார் அக்கா. "எங்கயும் மோதல."

"மோதல. ஆனா இனிமே அப்படி ஒரு காலை எனக்கு வேணாம்."

"அது சரி. எங்கிட்ட ஏன் வரலன்னு கேட்டேன்."

"உங்கிட்ட கத்துக்கிட்டா வீட்டுல டீச்சர்தான் மிஞ்சும், பொண்டாட்டி போயிடுவா. பதினோரு நாள் பாத்தாச்சு, போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா என்னை முறைத்தார். முறைத்தவர் உதட்டின் ஓரம் ஆடியது. ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. லைசென்ஸ் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அக்கா தேற்றினால்தான் தேர்ச்சி. முட்டை ஆறிக்கொண்டிருக்க, விசாரணை ஆரம்பித்தது.

"ஏத்தத்துல நிக்குறீங்க. பின்னாடி ஒட்டினாப்புல லாரி. என்ன பண்ணுவீங்க?"

"கை பிரேக்க விடமாட்டேன். கிளட்ச் கடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணி, வண்டி மூக்கு தூக்கினதும் விடுவேன்."

"லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்."

"அடிக்கட்டும். அவனுக்கு என்ன அவசரமோ."

"ம்." அந்த 'ம்' எப்பேர்ப்பட்டது என்று மூன்று தடவை தோற்றவனுக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. "மழை. கண்ணாடி மங்குது. முன்னாடி ஸ்கூல் வேன் நிக்குது."

"நானும் நிப்பேன். வேனுக்கு முன்னாடியிருந்து குழந்தை எறங்கி ஓடி வரும்."

"வரலன்னா?"

"வரும்னுதான் நினைச்சுக்கணும். கதவு பக்கம் நின்னுக்கிட்டு நீ யாருக்கோ இதைச் சொன்னத கேட்டிருக்கேன். இருபத்தாறு கிளாஸ்ல அந்த ஆள் பாட்டு போட்டான். இருபது வருஷமா சமையக்கட்டுல போன்ல நீ பாடம் நடத்தியிருக்கே. நான் தேறினது எதுனாலன்னு நினைக்கிறே?"

இதை மாமா ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாரா, வாயில் தானாக வந்ததா, தெரியாது. ஆள் பார்க்கத்தான் பூனை. அக்கா பாதி சாப்பிட்ட தன் தட்டை அவர் பக்கம் தள்ளினார். மாமா தன்னுடையதை இந்தப் பக்கம் தள்ளினார். அளவு அன்றைக்கும் பிசகவில்லை. அப்பாடா என்று நான் இன்னும் இரண்டு ரொட்டி சொன்னேன்.

பரிமாறும் பெண் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள். "பட்டை யாருக்குன்னு..."

அக்கா அந்த மஞ்சள் பட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார். "கைய நீட்டுங்க" என்றார். ரத்தம் கொடுக்க வந்தவர் போல மாமா நீட்டினார். அக்கா அதைச் சுற்றி, இறுக்கி, ஓரத்தை ஒட்டி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்த்தார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். "எனக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்குமாம்மா?"

கிடைத்தது. ஒரு மரப்பலகையில் குழி வெட்டி நான்கு சிறிய குவளைகள் வைத்திருந்தார்கள். வெளிர் மஞ்சள், பொன்னிறம், செம்பு நிறம், கறுப்பு. அக்கா முதல் குவளையைத் தூக்கி உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அவருடைய சட்டப்படி, ஒரு சொட்டு உள்ளே போனால் சாவியைத் தொடக்கூடாது. அதற்கப்புறம் மாமா ஓட்டினால்தான் உண்டு. வந்திருந்தது பயிற்சி வண்டியும் அல்ல, வீட்டுக் கார். அதில் அவர் பக்கம் பிரேக் கிடையாது. மாமா இஞ்சி சோடாவைக் கையில் பிடித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா குடித்தார். மேலுதட்டில் நுரை ஒட்டியது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். "அடடா" என்றார். மாமா சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, அவருக்கு அத்தனை பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு அக்காவை யாராலும் நிறுத்த முடியவில்லை. வெளிர் மஞ்சளுக்கு, "இது ஃபர்ஸ்ட் கியர், பயமே இல்ல." பொன்னிறத்துக்கு, "இது நல்ல ரோடு." செம்பு நிறம் கசந்தது. "ஸ்பீடு பிரேக்கர்ப்பா இது" என்று முகத்தைச் சுளித்துவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கறுப்பை மாமாவின் மூக்குக்குக் கீழே நீட்டி, "வாசனை மட்டும். வாசனை மட்டும் பிடிங்க, பட்டை கட்டியிருக்கு" என்றார். காபியும் கருகின வெல்லமும் போல இருக்கிறது என்றார் மாமா. ஆமாம் என்று அக்கா ஒத்துக்கொண்டார். பாட்டுக்காரர் என்ன பாட்டுப் போட்டார் என்று விசாரித்தார். மாமா அதை மெல்லிய குரலில் பாடியே காட்டினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஆளுக்கு பாடமும் வரல, ரசனையும் வரல" என்றார். அதற்குள் அவர் கோபத்தில் முக்கால்வாசி போயிருந்தது. கால்வாசியை வைத்திருப்பார், அது தொழில் போட்டிக்குத் தேவைப்படும்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக இறங்கித் தொட்டிகளின் மேல் விழுந்தது. அவர்கள் இருவரும் அடுத்த மாதம் எங்கே போகலாம், யார் போகும்போது ஓட்டுவது, யார் வரும்போது ஓட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்தப் பேச்சுக்கு அவர்களுக்கு அன்றுதான் வாய்ப்பு வந்தது. எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன வெட்கம்.

வெளியே வந்தோம். நாங்கள் நிறுத்தியபோது காலியாக இருந்த பக்கத்தில் இப்போது ஒரு பெரிய வேன், மறுபக்கம் கான்கிரீட் தூண். நடுவில் எங்கள் கார் ஒடுங்கி நின்றது. பின்னால்தான் எடுக்க வேண்டும், அதுவும் வளைத்து. பழைய தபால் பெட்டி எங்கள் மூவர் நினைவிலும் வந்திருக்கும். அக்கா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். நீட்டினார். மாமா பிடித்த பிறகும் ஒரு நொடி விடவில்லை. பிறகு விட்டார்.

நான் பின்னால் ஏறினேன். மாமா இருக்கையை இழுத்தார், பெல்ட்டைப் போட்டார், நடுக் கண்ணாடியைத் திருப்பினார், பக்கக் கண்ணாடிகளைச் சரி பார்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. கை ஆடுகிறதா என்று எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. அக்காவும் அதைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், இறங்கி நின்று 'வரட்டும், வரட்டும்' என்று கையாட்டுவார், குறைந்தபட்சம் தூண் எத்தனை அடி என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமாவும் அதற்காகத்தான் காத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ம், எடுங்க" என்றார் அக்கா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு வண்டியின் மூக்கே தெரியாது, எதிரில் வருவது லாரியா வீடா என்றும் தெரியாது. துடைக்கவில்லை. அதன் கால்களை மடக்கி, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, மூடியை அழுத்தி, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.